துக்கத்தை எழுதுவது: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வங்கியில் பணிபுரிகிறேன், சில ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுத முயன்று வருகிறேன். தந்தையை இழந்த ஒரு பெண், காரியங்கள் எல்லாம் முடிந்து தன் வங்கிக் கிளைக்குத் திரும்பும் முதல் நாளை அண்மையில் கதையாக எழுதினேன். அவளே சொல்வதாக அமைந்த கதை. அப்பாவின் நோயும் மருத்துவமனை நாட்களும் நினைவுகளாக இடையிடையே வருகின்றன. படித்த நண்பர்கள், மனதைத் தொடுகிறது, ஆனால் பாதிக்கு மேல் நகரவில்லை என்கிறார்கள். முடிவில் ஒரு திருப்பம் வைக்கச் சொன்னார் ஒருவர். துக்கத்தைப் பற்றிய கதையை வாசகர் இறுதிவரை படிக்கும்படி எழுதுவது எப்படி? தன்மையில் எழுதியது தவறா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

பாதியில் நிறுத்திவிட்ட வாசகர் கடைசிப் பக்கத்துத் திருப்பத்தைப் பார்க்கப்போவதில்லை. ஆகவே அந்த யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் கதையில் துக்கம் நிறைய இருப்பதாகத் தெரிகிறது. அந்தத் துக்கத்தோடு அலுவலகத்துக்குள் நுழையும் பெண்ணுக்கு அன்றைக்கு என்ன வேண்டும் என்பதைத்தான் உங்கள் கடிதத்தில் காணவில்லை. கதையிலும் அது இல்லையென்றே நினைக்கிறேன்.

ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் 1886 ஜனவரியில், தம் 26ஆவது வயதில் வெளியிட்ட ‘துயரம்’ என்ற சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டர்ஸ்பர்க்கில் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டி ஓட்டும் அயோனா என்பவரின் மகன் அந்த வாரம் இறந்துவிட்டான். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பதே அவருடைய ஒரே தேவை. அது ஒவ்வொருவராலும் ஒவ்வொரு விதமாக மறுக்கப்படுவதே கதை. முதலில் ஏறும் ராணுவ அதிகாரி, மகன் எதனால் இறந்தான் என்று கேட்கவே செய்கிறார். காய்ச்சலாக இருக்கலாம், மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தான் என்று அயோனா சொல்லத் தொடங்கும்போது இருளிலிருந்து யாரோ வண்டியைத் திருப்பச் சொல்லி வைகிறார்கள். பிறகு அதிகாரி கண்களை மூடிக்கொள்கிறார். கேட்க ஆள் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையை ஒரு கணம் கொடுத்துவிட்டுப் பறிப்பதால்தான் அடுத்த சவாரிக்காக வாசகரும் அயோனாவோடு காத்திருக்கிறார்.

அடுத்து வரும் மூன்று இளைஞர்கள் கொடுக்கும் 20 கோபெக் (ரஷ்யச் சில்லறைக் காசு) கூலி கட்டாது. ஆனாலும் அயோனா ஒப்புக்கொள்கிறார். அவர்களில் கூனன் ஒருவன் அவரை வைது தீர்க்கிறான். அந்த வசவுகூட மனிதக் குரல் என்பதால் அவருடைய தனிமை சற்றே குறைகிறது. துக்கத்தில் இருப்பவர் ஏச்சில் ஆறுதல் காண்பது எத்தகைய அவதானிப்பு! மகன் இறந்ததைச் சொன்னதும், எல்லோரும்தான் சாகப்போகிறோம் என்று பதில் வருகிறது. பிறகு ஒரு வாயிற்காவலர் இரண்டே வரிகளில் அவரைத் துரத்துகிறார். இரவில் தங்குமிடத்தில், அதே தொழில் செய்யும் இளம் வண்டிக்காரன் தண்ணீர் குடித்துவிட்டு, அயோனா பேசும்போதே போர்வைக்குள் உறங்கிவிடுகிறான். குறுக்கீடு, கேலி, விரட்டல், உறக்கம் என்று மறுப்பின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது. கேட்டிருக்க வேண்டியவர்களும் அவருக்கு மேலும் மேலும் நெருக்கமானவர்களாக ஆகிறார்கள். நான்கு மறுப்புகளும் ஒரே மாதிரி இருந்திருந்தால் மூன்றாவதிலேயே கதை நின்றிருக்கும்.

உங்கள் நினைவுக் காட்சிகளுக்கு வருகிறேன். மகன் எப்படி நோயுற்றான், எவ்வாறு வேதனைப்பட்டான், இறக்கும்முன் என்ன சொன்னான், அடக்கம் எப்படி நடந்தது என்பதையெல்லாம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று அயோனா ஏங்குகிறார். செகாவ் அந்த ஏக்கத்தைப் பட்டியலாக மட்டும் தருகிறார். காட்சியாக ஒன்றைக்கூட எழுதவில்லை. கேட்கப்படாத அந்த விவரங்களுக்காக நாம் தவிக்கிறோம். மருத்துவமனை நாட்களை வரிசையாக எழுதியபோது நீங்கள் இந்தத் தவிப்பைச் செலவழித்துவிட்டீர்கள். அவற்றை நீக்கிவிட்டு, அவள் சொல்ல வாயெடுத்து நிறுத்தும் ஒரே ஒரு விவரத்தை மட்டும் வைத்துப் பாருங்கள்.

இறுதியில் அயோனா தம் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்கிறார். இது திடீரென்று வந்த முடிவன்று. முதல் பத்தியிலேயே, ஒரு கோபெக் விலையுள்ள மாவுப் பொம்மைக் குதிரையைப் போல, அது பனியில் அசையாமல் அவர் அருகே நிற்கிறது. முடிவுக்கு வேண்டியதை முதல் பக்கத்தில் வைத்துவிட்டால் திருப்பம் தேவைப்படாது.

அவளுடைய தேவை மிகச் சிறியதாக இருக்கலாம். அப்பாவின் சேமிப்புக் கணக்கு அதே கிளையில் இருக்கிறது, அதை முடிக்கும் விண்ணப்பம் கையெழுத்துக்காக அவள் மேசைக்கே வருகிறது, வேறு யாராவது அதைச் செய்துவிட்டால் போதும் என்று அவள் நினைக்கிறாள் என வைத்துக்கொள்வோம். மேலாளர் இரங்கல் தெரிவித்துவிட்டுக் கோப்பை நீட்டலாம். தோழி தன் தந்தையின் மரணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கலாம். வரிசையில் நிற்பவர் நேரமாகிறது என்று கத்தலாம். ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் அவள் அந்தக் கையெழுத்துக்குச் சற்று நெருங்கியிருக்க வேண்டும்.

தன்மையில் எழுதுவது பொதுவாகத் தவறில்லை. இந்தக் கதைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. அயோனாவே தம் கதையைச் சொல்லியிருந்தால், கேட்பவராக வாசகர் முதல் வரியிலேயே கிடைத்திருப்பார். குதிரையிடம் போகவேண்டிய அவசியமே அவருக்கு இருந்திருக்காது. உங்கள் கதையின் பெண்ணும் தொடக்கத்திலிருந்தே எங்களிடம் மனம்விட்டுப் பேசிவிடுகிறாள். படர்க்கைக்கு மாற்றி, கிளைக்குள் அவள் நுழையும் இடத்திலிருந்து மறுபடி எழுதுங்கள்.