ஆளுக்கு ஒரு வெள்ளி

அன்புள்ள ஐயா, வணக்கம்.

பினாங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பதினைந்து பேர் சேர்ந்து, பழைய தமிழ் இதழ்களையும் தோட்டப்புறப் பொருள்களையும் காத்துவரும் ஒரு சிறிய நூலக அருங்காட்சியகத்துக்குத் துணைநிற்க விரும்புகிறோம். நன்கொடையாளர்களைத் தனிக்குழுவாகவும் உழைப்பைத் தருகிறவர்களைத் தனிக்குழுவாகவும் அமைக்கலாமா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உள்ளது. தங்கள் எண்ணத்தை அறிய விரும்புகிறேன்.

வாசகி, பினாங்கு

அன்புள்ள வாசகிக்கு,

பிரிக்க வேண்டாம். பெயர்ப்பட்டியல் இரண்டாகும் நாளிலேயே, பணம் தருகிறவர் மேல், அட்டவணை எழுதுகிறவர் கீழ் என்ற எண்ணம் புகுந்துவிடும். 1950களில் சிங்கப்பூரின் தமிழ் முரசு நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி, அந்த இதழ் வழியாகத் 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தமிழ் நூல்களுக்காக எளிய மக்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி (ஒரு டாலர்) கொடுத்தார்கள். அந்த நூலகத்தில் ஒருநாளும் கால்வைக்கப் போகாதவர்களும் அது தங்களுடையது என்று எண்ணியே கொடுத்தார்கள்.

பணம் எதற்கு என்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். புதிய கட்டடம், கண்ணாடிப் பேழை என்றால் பலர் முன்வருவார்கள். மாதாமாதம் வரும் மின்கட்டணத்துக்குக் கேட்டால் தயங்குவார்கள். மரக்கூழில் செய்த நாளிதழ்த் தாள் தன்னுள் ஊறும் அமிலத்தாலேயே பழுப்பேறி நொறுங்குகிறது. பினாங்கின் ஈரக்காற்றில், அறையின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நிலைத்துவிட்டால் பூஞ்சையும் பிடிக்கிறது. செலவை மிச்சப்படுத்தக் குளிர்சாதனத்தைப் பகலில் ஓடவிட்டு இரவில் நிறுத்தினால், ஈரப்பதம் நாள்தோறும் ஏறி இறங்க, தாள் விரிந்து சுருங்கி மேலும் நலிகிறது. ஆகவே ஈரம் உறிஞ்சும் கருவி இரவுபகலாக ஓடுவதற்கான செலவே உங்கள் முதல் நன்கொடையாக இருக்கட்டும். நம் கோயில்களில் திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பம் உபயமாக ஏற்றுப் பிள்ளைகளுக்கும் விட்டுச்செல்வதுபோல, ஆண்டின் 12 மாதங்களையும் 12 குடும்பங்கள் ஏற்கலாம்.

உழைப்பைத் தருவதற்கும் பயிற்சி வேண்டும். இளமையில் நானும் நண்பர்களும் ஒரு சங்கத்தின் பழைய இதழ்களைச் சீர்செய்யப் போய், கிழிந்த பக்கங்களை ஒட்டுநாடாவால் ஒட்டினோம். சில ஆண்டுகளில் நாடா கழன்றுவிட, பசை மட்டும் எழுத்துகளின்மேல் பழுப்புக் கறையாக நின்றுவிட்டது. அந்தப் பக்கங்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. தாளைத் தொடுவது நூலகரின் சொற்படியே நடக்க வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்பதும் அவருடைய முடிவுதான். எத்தனை பெரிய நன்கொடையும் அதை மாற்றாது என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். பதினைந்து பேர் என்பதால் மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி பதிவும் தேவைப்படும்.

ஆசிரியர்களான உங்களுக்கென்றே ஒரு வேலை காத்திருக்கிறது. ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு என்ற கிண்ணமும், மரம் சீவும் உளியும், பால்வாளியும் எந்தத் தோட்டத்தில், யார் கையில் இருந்தவை, மங்கிய படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்பதைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து, கேட்டு, எழுதி வாங்குங்கள். இதைத் தள்ளிப்போட முடியாது.

இந்த வாரமே நூலகரிடம் கடந்த ஓராண்டின் மின்கட்டண ரசீதுகளைக் கேட்டுப் பாருங்கள். தொகையைப் பதினாறால் வகுங்கள். பதினாறாவது பங்கு என்னுடையது.