நித்திரையும் நெருக்கமும்: அம்பது கடந்த வாசகர்கள் கேட்டதுகள்

போன மாசம் நித்திரை வராமப் புரள்றதைப் பற்றி நாலு வரி எழுதி, உங்களுக்கும் கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க எண்டு கேட்டிருந்தன். வந்த கடிதங்களில பாதிக்கு மேல நித்திரையில தொடங்கி, மறுகா கட்டில் விசயத்திலதான் போய் நிக்குது. சிலபேர் கடைசி வரியில "இதை மட்டும் போட வேணாம்" எண்டும் எழுதியிருக்கீங்க. அவங்கட கடிதங்களை நான் தொடேல்ல. மற்றதுகளைப் பேர், ஊர் விலாசம் இல்லாமப் போடுறன். நான் இருபத்தெட்டு வருசம் வாட்டில நேர்ஸா நிண்டவள். பகல் டொக்டர் ரவுண்ட் வாற நேரம் வாயே திறக்காத ஆக்கள், இரவு ரெண்டு மணிக்கு பிறசர் பாக்கப் போனா மெதுவா இந்தக் கதையைத்தான் கேப்பாங்க. அதால எனக்கு இதில ஒண்டும் புதுசில்ல, நீங்க வெக்கப்படவும் தேவையில்ல.

எனக்கு 51 வயது. மாதவிடாய் நிண்டு ஒரு வருசத்துக்கு மேல. இரவு ரெண்டு மணிக்கு உடம்பெல்லாம் நெருப்பா எரிஞ்சு வேர்த்துக் கொட்டி எழும்பினா விடியுமட்டும் நித்திரை இல்ல. அவர் கிட்ட வந்தா எனக்கு நோகுது, அதைச் சொல்லாம ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிவிடுறன். அவர் இப்ப நான் அவரை வெறுத்திட்டன் எண்டு நினைக்கிறார். என்ன செய்ய அக்கா?
வாசகி, களுவாஞ்சிக்குடிப் பக்கம்

தங்கச்சி, முதல்ல இண்டைக்கு இரவே அவரிட்ட "எனக்கு நோகுது, அதுதான், உங்களை வெறுக்கேல்ல" எண்டு அந்த ஒரு வசனத்தைச் சொல்லுங்க. மிச்சத்தைப் பிறகு பாப்பம். நீங்க சாட்டுச் சொல்லச் சொல்ல அவர் மனசில வேற கதை வளருது, அந்தக் கதைக்கு மருந்து இல்ல, நோவுக்கு மருந்து இருக்கு.

நடக்கிறது என்னெண்டா, ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் குறையக்குள்ள மூளையில சூட்டைக் கட்டுப்படுத்துற இடம் சின்ன சூட்டுக்கும் பெரிசாப் பதறிப்போகுது, உடனே தோல் இரத்தக்குழாய் விரிஞ்சு, வேர்த்து, நெஞ்சு படபடத்து உங்களை எழுப்பிவிடுது. நாலு பொம்பிளையில மூணு பேருக்கு இது வரும், சராசரியா ஏழு வருசம் போல இருந்திட்டுப் போகும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில எங்கட பக்கம் சும்மா ஆக்களுக்கே நித்திரை வாறதில்ல, உங்களுக்கு அது ரெட்டைச் சூடு. கட்டிலை யன்னல் பக்கம் இழுத்துப் போடுங்க, நைலக்ஸ் நைட்டியை விட்டிட்டு மெல்லிசுப் பருத்தி, மாத்திறதுக்கு இன்னொண்டு தலைமாட்டில, ஃபேன் கால் பக்கம் இல்ல முகத்துக்கு. இரவுச் சாப்பாட்டில உறைப்பையும் கொதிக்கிற தேத்தண்ணியையும் குறைச்சுப் பாருங்க. இதெல்லாம் சின்ன உதவிதான். தாங்கேலாம இருந்தா ஹோர்மோன் சிகிச்சை இருக்கு, அறுபது வயதுக்குள்ள, அல்லது மாதவிடாய் நிண்டு பத்து வருசத்துக்குள்ள தொடங்கிற சுகதேகியான ஆக்களுக்கு அதால பொதுவா நன்மைதான் கூட. மார்புப் புற்றுநோய், காலில இரத்தக் கட்டி, ஸ்ட்ரோக் இப்பிடி முந்தி வந்திருந்தா அது சரிவராது, அதால விஓஜி டொக்டரோட (பெண்நோய் வைத்தியரோட) கதைச்சுத்தான் எடுக்க வேணும். ஹோர்மோன் எடுக்கேலாத ஆக்களுக்கும் வேற குளிசை இருக்கு, "ஒண்டும் செய்யேலாது" எண்டு ஆரும் சொன்னா நம்பிட்டுத் திரும்பி வந்திராதீங்க.

இனி நோவு. அதே ஈஸ்ட்ரோஜன் குறையிறதால பெண்ணுறுப்பின்ர தோல் மெலிஞ்சு, ஈரம் வத்திப்போகும், அதுதான் எரிவும் நோவும், சிலருக்கு அடிக்கடி சலக்கடுப்பும் வரும். வேர்வை காலப்போக்கில தானா நிக்கும், ஆனா இந்த வறட்சி தானா நிக்காது, பாக்காம விட்டாக் கூடும். இதைத்தான் எங்கட பொம்பிளையள் "வயது போச்சு" எண்டு சொல்லி மூடி வைக்கிறாங்க, எனக்கு அதில சரியான கவலை. தண்ணியில செய்த வழுவழுப்பு ஜெல் பாமசியில கேட்டா எடுக்கலாம். அதுக்கும் சரிவராட்டி உள்ளுக்குப் பூசுற ஈஸ்ட்ரோஜன் கிரீம் டொக்டர் எழுதித் தருவார், அது இரத்தத்தில சேர்றது மிச்சம் குறைவு, ரெண்டு மூணு மாசத்தில வித்தியாசம் தெரியும். சவர்க்காரம், டெட்டோல் போட்டு உள்ளுக்குக் கழுவுறதை இண்டையோட விடுங்க. நோவோட பல்லைக் கடிச்சிட்டு இணங்கவும் வேணாம், அடுத்த முறை உடம்பு பயத்தில தானா இறுகும், மறுகா நோவு ரெண்டு மடங்கு. நோவு குறையுமட்டும் கட்டிப்பிடிச்சுப் படுக்கிறது, தலை தடவுறது, கதைக்கிறது, இதுக்கெல்லாம் தடை இல்லத்தானே.

ரெண்டு விசயம் மறக்க வேணாம். மாதவிடாய் நிண்டு ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும், அது கர்ப்பப்பைப் புற்றுநோயின்ர முதல் அடையாளமாவும் இருக்கலாம். மற்றது, உங்கட எம்ஓஎச் ஒஃபிஸில (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில) வெல் வுமன் கிளினிக் நடக்கும், 35 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் சும்மாதான், 1996இல இருந்து நாட்டில நடக்குது, அங்க சீனி, பிறசர், மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பாப்பாங்க. மிட்வைஃப் மிஸ்ஸியிட்ட திகதி கேளுங்க. (இன்னும் மாதவிடாய் முழுசா நிக்காத வாசகிகளுக்கு: அம்பதுக்கு முந்தி நிண்டா ரெண்டு வருசம், அம்பதுக்குப் பிறகு நிண்டா ஒரு வருசம் குடும்பக் கட்டுப்பாட்டை விட வேணாம். 48 வயதில பிள்ளை தங்கி அழுதுகொண்டு வந்தவங்களை நான் கண்டிருக்கன்.)

வயது 57, வயல் செய்றன். சீனி வருத்தம் ஒம்பது வருசம். ஒரு வருசமா மனிசியோட சேரேலாம இருக்கு, ஆசை இருக்கு, உடம்பு கேக்குதில்ல. வெளிநாட்டுக்குப் போய் வந்த கூட்டாளி ஒருத்தன் நீலக் குளிசை தந்திருக்கான். நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசையும் எனக்கு டொக்டர் தந்திருக்கார். ரெண்டையும் பாவிக்கலாமா?
வாசகர், திருக்கோவில் பக்கம்

வேணாம். அண்ணன், இதை வாசிச்ச கையோட அந்தக் குளிசையைக் கூட்டாளியிட்டத் திருப்பிக் குடுங்க. நாக்குக்குக் கீழ வைக்கிற நைட்ரேட் குளிசையும் வயாகரா எண்ட நீலக் குளிசையும் உடம்பில சந்திச்சா பிறசர் ஒரேயடியா விழுந்து உயிரே போகலாம். நெஞ்சு நோவுக்குக் காலையில குடிக்கிற ஐசோசோர்பைட்டும் அதே வகைதான். வீட்டில நெஞ்சு நோவு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனா, இப்பிடிக் குளிசை எடுத்திருந்தா மறைக்காமச் சொல்ல வேணும், மனிசி பக்கத்தில நிண்டாலும் சொல்ல வேணும், ஏனெண்டா அங்க முதல் தாறதே அந்த நைட்ரேட்டாத்தான் இருக்கும்.

இப்ப ஏன் இது வந்தது எண்டு பாப்பம். ஆணுறுப்புக்குப் போற இரத்தக்குழாய் ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர்தான், இதயத்துக்குப் போறது மூணு நாலு. வாய்க்கால்ல மண் நிரம்பினா முதல்ல தண்ணி நிக்கிறது கடைசி வயலின்ர சின்ன வாய்க்கால்லதானே, அதே மாதிரி சீனியும் கொழுப்பும் படிஞ்சா முதல்ல அடைபடுறது சின்னக் குழாய். அதால விறைப்புக் குறையிறது கனபேருக்கு மாரடைப்புக்கு ரெண்டு மூணு வருசத்துக்கு முந்தியே வாற தந்தி. உங்களுக்கு நெஞ்சு நோவும் இருக்கெண்டா அந்தத் தந்தி ரெண்டாந்தரம் வந்திட்டுது. சீனி வருத்தம் உள்ள ஆம்பிளையளில பாதிப் பேருக்கு மேல இந்தப் பிரச்சினை இருக்கு, நீங்க தனி ஆள் இல்ல. அடுத்த கிளினிக்கில "டொக்டர், விறைப்பு வருதில்ல" எண்டு இந்த மூணு சொல்லைச் சொல்லுங்க, மூணு மாசச் சீனி டெஸ்ட், கொழுப்பு, ஈசிஜி பாப்பாங்க, தேவையெண்டா ஆண் ஹோர்மோன் டெஸ்டோஸ்டிரோனும் பாப்பாங்க. பிறசர்க் குளிசையிலயும் சிலது விறைப்பைக் குறைக்கும், மாத்தித் தரக் கேக்கலாம், ஆனா நீங்களா நிப்பாட்டினா ஸ்ட்ரோக் வரலாம்.

உங்கட கடிதத்தில ஒரு ஓரத்தில எழுதியிருந்தீங்க, வேளாண்மைக் காலத்தில யானைக்காக விடிய விடியக் காவல் இருக்கிறன், பகல்லயும் ஒழுங்கா நித்திரை இல்ல எண்டு. எனக்கு முக்கியமாத் தெரிஞ்சது அதுதான். ஆம்பிளையின்ர டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாச் சுரக்கிறது நித்திரையிலதான். 2011இல சிக்காகோ பல்கலைக்கழகத்தில சுகமான பத்து இளம் பொடியன்மாரை ஒரு கிழமை இரவில அஞ்சு மணித்தியாலம் மட்டும் நித்திரை கொள்ள விட்டுப் பாத்தாங்க, பகல் டெஸ்டோஸ்டிரோன் நூத்துக்குப் பத்து பதினைஞ்சு குறைஞ்சிட்டுது. இளம் ஆக்களுக்கே அப்பிடி எண்டா! பக்கத்து வயல்காரரோட முறை வச்சு வாடியில ஒரு இரவு விட்டு ஒரு இரவு இருங்க. காவல் முடிஞ்சு வந்தா ரெண்டு மணித்தியாலம் திண்ணையில சாஞ்சு எழும்புறதில பிரயோசனம் இல்ல, யன்னலை மூடி இருட்டாக்கிப் போட்டு, போனையும் நிப்பாட்டிப் போட்டு முழுசாப் படுங்க. நடை எவ்வளவு எண்டு டொக்டரிட்டக் கேட்டிட்டுத் தொடங்குங்க, நாப்பது நிமிசம் கிழமைக்கு நாலு நாள் ஆறு மாசம் உடற்பயிற்சி செய்த ஆக்களுக்கு விறைப்பு நல்லா வந்திருக்கு எண்டு ஆராய்ச்சிகள் சொல்லுது. வயல்ல நிக்கிறன்தானே எண்டு சொல்லாதீங்க, வரம்பில நிண்டு கதைக்கிறது நடை இல்ல. சிகரெட் இருந்தா அதுதான் முதல் நிப்பாட்ட வேண்டியது.

இவர்ர குறட்டையால நான் மகள்ற அறைக்குப் போயிட்டன். சனம் என்னமோ நாங்க பிரிஞ்சிட்டம் எண்டு கதைக்குது. சில நேரம் குறட்டை சட்டெண்டு நிண்டு, மறுகா மூச்சுத் திணறி ஒரு சத்தத்தோட இழுக்குது. பயமா இருக்கு.
வாசகி, வாழைச்சேனை

சனத்தின்ர கதையை விடுங்க, அந்த மூச்சு நிக்கிறதைத்தான் நான் பயப்படுறன். அது நித்திரையில தொண்டை அடைபட்டு ஒக்சிசன் குறையிற வருத்தம். அவருக்குத் தெரியாது, நித்திரையில இருக்கிற ஆளுக்கு எப்பிடித் தெரியும், பாக்கிற மனிசி சொன்னாத்தான் உண்டு. ஒரு இரவு போனில வீடியோ எடுத்து டொக்டருக்குக் காட்டுங்க. பகல்ல கதிரையில இருந்தபடி தூங்கி விழுறாரா, விடிய எழும்பக்குள்ள தலையிடிக்குதா, இரவில நாலஞ்சு தரம் சலத்துக்கு எழும்புறாரா, பிறசர் குளிசை போட்டும் குறையுதில்லயா, சேட்டுக் கொலர் அளவு நாப்பது சென்ரிமீற்றருக்கு மேலயா, இதெல்லாம் ஓமெண்டா மிச்சம் சந்தேகம். இந்த வருத்தம் இருந்தா ஆசையும் குறையும், விறைப்பும் குறையும், பிறசரும் ஏறும். மோட்டச் சைக்கிள் ஓடக்குள்ள கண் சொருகினா அது வேற கதை, டெஸ்ட் பாக்குமட்டும் ஓடவே விடாதீங்க.

நிறை குறைக்கிறது, சரிஞ்சு படுக்கிறது, இரவில சாராயத்தை விடுறது, இது மூணும் உதவும். கூடுதலா இருந்தா மூக்கில மாட்டி, தொண்டை அடைபடாமக் காத்து ஊதுற சிபாப் மெசின் இருக்கு, விலை கூடத்தான், பாவிச்ச ஆக்களின்ர மனிசிமார் திரும்ப அதே அறையில படுக்கிறாங்க. அதுவரைக்கும் நீங்க மகள்ற அறையில படுத்தாலும் பிழையில்ல. படுக்க முந்தி அரை மணித்தியாலம் அவரோட இருந்து கதைச்சிட்டுப் போங்க. நித்திரைக்கு வேற கட்டில் எண்டா உறவும் முடிஞ்சு போச்சு எண்டு ஆர் சொன்னது?

பத்து மணிக்குப் படுத்தா பன்னிரண்டு ஒண்டு வரைக்கும் நித்திரை வராது, சுபஹுக்கு எழும்பணும். நாலு மாசமா பிரிட்டோன் குளிசை போட்டுத்தான் படுக்கன். வயது 60.
வாசகர், கல்முனை

நானா, பிரிட்டோன் தும்மலுக்குக் குடுக்கிற குளிசை. அறுபதுக்குப் பிறகு அதைத் தினமும் போட்டா மறதி, மயக்கம், விழுறது, வாய் வறட்சி, புரஸ்டேட் பெருத்திருந்தா சலம் அடைச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடுற நிலை. அதை விட்டிருங்க. (வேற வாசகர்களுக்கு: டயசிபாம் மாதிரி நித்திரைக் குளிசையைக் கனநாள் போட்டவங்க சட்டெண்டு நிப்பாட்டப்படாது, டொக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பார்.)

உங்களுக்கு ஒரு நல்ல விசயம் கையில இருக்கு, சுபஹ். தினமும் ஒரே நேரத்துக்கு எழும்புறதுதான் நித்திரை மருத்துவத்தில முதல் பாடம், அது உங்களுக்கு ஏற்கெனவே பழகிட்டு. தொழுதிட்டு வந்து மறுபடி எட்டு மணி வரைக்கும் படுக்கிறீங்களா எண்டு எழுதேல்ல, படுத்தா அதை நிப்பாட்டுங்க. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இருவது நிமிசம் போதும். பத்துக்குக் கட்டிலுக்குப் போகாதீங்க, கண் சொருகுற நேரம் பதினொண்டரையா இருந்தா அப்பத்தான் போங்க, நித்திரை பிடிக்கத் தொடங்கினா கால் மணித்தியாலம் கால் மணித்தியாலமா முன்னுக்குக் கொண்டு வாங்க. இருவது நிமிசம் போல நித்திரை வராட்டி எழும்பி விறாந்தையில மங்கல் வெளிச்சத்தில இருங்க, திரும்ப நித்திரை வந்தாப் போங்க. முதல் ரெண்டு கிழமை பகல்ல சோர்வா இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்க. தேத்தண்ணியில உள்ள கஃபீன் பாதி இறங்கவே அஞ்சு மணித்தியாலம் போல எடுக்கும், அதால இஷாத் தொழுகைக்குப் பிறகு கடைத்தேத்தண்ணி வேணாம், வெத்திலை பாக்கும் அப்பிடித்தான், பாக்கு உசுப்பிவிடுற சாமான். ரெண்டு கிழமைக்கு மேல மனசும் சோர்ந்துபோய் ஒண்டிலயும் பிடிப்பில்லாம இருந்தா அது நித்திரை மட்டும் இல்ல, டொக்டரிட்டப் போங்க, 1926 எண்ட போன் நம்பருக்கு எடுத்தாலும் மனநலத்துக்காரர் கதைப்பாங்க.

எனக்கு 69, அவவுக்கு 66. மகன்ர வீட்டில இருக்கிறம். இன்னமும் எங்களுக்கு ஆசை இருக்கு. இது இந்த வயதில சரியா? எனக்கு மாரடைப்பு வந்து ரெண்டு வருசம்.
வாசகர், மட்டக்களப்பு நகரம்

சரி ஐயா, முழுக்கச் சரி. உங்கட கடிதத்தை நான் ரெண்டுதரம் வாசிச்சன், சந்தோசமா இருந்தது. ரெண்டு மாடிப் படி நெஞ்சு நோவில்லாம, மூச்சு வாங்காம ஏறினா இதயம் பொதுவா இதுக்கும் தாங்கும், எண்டாலும் இதய கிளினிக்கில ஒருக்காக் கேட்டு உறுதிப்படுத்துங்க. இரவு களைச்சுப்போய் இருக்கக்குள்ள மினக்கெடாம, நல்லா நித்திரை கொண்டு எழும்பின விடியப்புறத்தில பாருங்க, ஆம்பிளைக்கு ஹோர்மோன் அப்பத்தான் கூட. அவவுக்கு முழங்கால் நோவெண்டா அரை மணித்தியாலத்துக்கு முந்தி பனடோல், முழங்காலுக்குக் கீழ ஒரு தலையணி. முதல் கேள்விக்கு எழுதின ஜெல் விசயம் அவவுக்கும் பொருந்தும், வாசிச்சுக் காட்டுங்க.

கதவு பூட்டேலாது, பேரப்பிள்ளையள் ஓடி வருதுகள் எண்டும் எழுதியிருந்தீங்க. மகனிட்ட விளக்கம் ஒண்டும் சொல்லத் தேவையில்ல. வயது போன ஆக்கள், உடுப்பு மாத்தக்குள்ள கரைச்சலா இருக்கு, கதவுக்கு உள்ளால ஒரு கொண்டி வேணும் எண்டு சொல்லுங்க, நாளைக்கே தச்சனைக் கூட்டி வருவான்.