டிசம்பரில் புறாத்தீவு வேண்டாம்

டிசம்பர் லீவில் பிள்ளைகளோடு வந்து, இலங்கையில் திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கடற்கரைக்கு எதிரே உள்ள புறாத்தீவில் ஸ்நோர்கெலிங் (முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டு மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் திருகோணமலைக்காரன், நேராகச் சொல்கிறேன், வேண்டாம். அந்த நேரம் இங்கே வாடைக்காற்றும் மழையும், கடல் கொந்தளிக்கும், போட் ஓடினாலும் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது. நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர்தானே என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள். மே முதல் செப்டம்பருக்குள் வந்தால் தண்ணீர் தெளிவாக இருக்கும், பவளப்பாறை, ஆமை, அதிர்ஷ்டம் இருந்தால் சின்னச் சுறாவும் பார்க்கலாம் (பயம் வேண்டாம், ஆளைக் கண்டால் அதுவே விலகிப் போகும்), பிள்ளைகள் பவளத்தில் மிதிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் மாற்ற முடியாதா? சரி, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் அள்ளிக் குளித்துவிட்டு, பின்னேரம் கோணேசர் கோயில் மலையில் நின்று கடலைப் பாருங்கள். கடலில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவைக்குப் போங்கள், டிசம்பரில் அந்தப் பக்கக் கடல்தான் அமைதி.