கணினியில் அணைவுச் சேர்மம் ஆராய விரும்பும் மகள்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு உலோக அணுக்கள் கொண்ட கரிம உலோக அணைவுச் சேர்மங்களின் (உலோக அணுக்களோடு கார்பன் கொண்ட தொகுதிகள் பிணைந்த சேர்மங்களின்) எலக்ட்ரான் அமைப்பைக் கணினியில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெறத் தங்கள் மகள் விரும்புவதாகவும், சோதனைக்குழாயைத் தொடாமல் வாங்கும் பட்டத்துக்கு யார் வேலை தருவார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். வேலை வாய்ப்பைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். முதலில் துறையைப் பார்த்துவிடுவோம்.

இத்தகைய சேர்மமான டைகோபால்ட் ஆக்டாகார்பனைலில் இரு கோபால்ட் அணுக்களும் சுமார் 2.5 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) இடைவெளியில் இருக்க, இரண்டு கார்பன் மோனாக்சைடுகள் அவற்றுக்கிடையே பாலமாக நிற்கின்றன. ஒவ்வொரு கோபால்ட்டுக்கும் எலக்ட்ரான்களை எண்ணினால் 17தான் வருகிறது என்பதால், உலோக அணுவைச் சுற்றி 18 எலக்ட்ரான்கள் இருந்தால் சேர்மம் நிலையாக இருக்கும் என்னும் 18 எலக்ட்ரான் விதியை நிறைவுசெய்ய, உலோகங்களுக்கு நடுவே பாடநூல்கள் ஒரு பிணைப்புக் கோட்டைப் போட்டுவிடுகின்றன. எலக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிட்டுப் பார்த்தாலோ, அங்கே நேரடிப் பிணைப்புப் பாதை தென்படுவதில்லை. தாளில் போட்ட கோடு மூலக்கூறில் உண்டா என்று விசாரிப்பதே தங்கள் மகள் கேட்கும் வேலை.

இக்கணக்குகளின் அடிப்படையான, எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டே மூலக்கூறின் ஆற்றலைக் கணிக்கும் அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டுக்காக வால்டர் கோன் 1998இல் நோபல் பரிசு பெற்றார். இன்று மென்பொருளுக்குக் கட்டளை கொடுத்தால் ஏதோ ஒரு விடை வந்துவிடும். சிக்கலே அதில்தான் இருக்கிறது. பி3எல்ஒய்பி என்னும் பரவலான கணக்கீட்டு முறையில் 20 விழுக்காடாக உள்ள ஹார்ட்ரீ-ஃபாக் பரிமாற்றப் பங்கை (எலக்ட்ரான்களுக்கு இடையிலான ஒரு விளைவைச் சேர்க்கும் அளவை) சற்றுக் குறைத்தாலே, எந்தத் தற்சுழற்சி நிலை (இணையாத எலக்ட்ரான்கள் எத்தனை என்பதைக் காட்டும் நிலை) ஆற்றலில் தாழ்ந்தது என்னும் முடிவு சில சேர்மங்களில் தலைகீழாகிவிடும். இரு உலோகங்களிலும் இணையாத எலக்ட்ரான்கள் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். எந்த விடையை நம்பலாம் என்று பிரித்தறியும் பழக்கத்துக்குத்தான் வெளியில் மதிப்பு.

ஆய்வுத் தலைப்பின் பெயரிலேயே வேலை விளம்பரம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வினையூக்கி, மின்கலம், மருந்து, அறிவியல் மென்பொருள் ஆகிய துறைகளில் பைத்தான், லினக்ஸ், பெருங்கணினியில் பணிகளை ஓட்டிய அனுபவம் ஆகியவற்றையே கேட்பார்கள். அணிக் கணிதம் கசப்பவருக்கு இத்துறையை நான் பரிந்துரைப்பதில்லை. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்குமுன், சேர்மங்களைத் தயாரிக்கும் குழுவோடு அவர் இணைந்து பணியாற்றுகிறாரா, அவரிடம் பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற இரண்டையும் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னதாக, இலவசமாகக் கிடைக்கும் பைஎஸ்சிஎஃப் மென்பொருளில் இரு மாங்கனீஸ் அணுக்கள் கொண்ட டைமாங்கனீஸ் டெகாகார்பனைலை இரண்டு வெவ்வேறு முறைகளில் கணக்கிட்டு, உலோகங்களுக்கு இடையிலான தூரத்தைச் சோதனையில் அளந்த சுமார் 2.9 ஆங்ஸ்ட்ராமோடு அவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். விடைகள் ஒத்துப்போகாதது எரிச்சலூட்டினால் ஆய்வகப் பக்கமே போகலாம். ஏன் ஒத்துப்போகவில்லை என்று தோண்டத் தொடங்கினால், விண்ணப்பத்தோடு இருவரும் வாருங்கள்.