மணல் தட்டைத் தவிர்க்கும் பூனை

கேள்வி: எங்கள் ஆண் பூனை சில நாள்களாக மணல் தட்டை விட்டுவிட்டுத் துணிக்கூடையில் சிறுநீர் கழிக்கிறது. கண்டித்தால் திருந்துமா?
– வாசகி, திருச்சி

பதில்: கண்டித்தால், உங்கள் கண்ணில் படாத மூலையைத் தேடுமே தவிரத் திருந்தாது. அடிக்கடி முக்கியும் சொட்டுச் சொட்டாகவே போகிறது, கத்துகிறது, பின்புறத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஆண் பூனையின் குறுகிய சிறுநீர்க்குழாய் முழுவதும் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாள்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். நோய் ஏதுமில்லை என்று அவர் சொன்னால், மணலில் சேரும் கழிவுக் கட்டிகளைத் தினமும் அள்ளி, வாசனை சேர்க்காத மணலை இட்டு, தட்டைச் சோற்றுக்கிண்ணத்திலிருந்தும் இரைச்சலிடும் வாஷிங் மெஷினிலிருந்தும் தள்ளி வையுங்கள். இன்னொரு தட்டும் இருப்பது நல்லது. கூடையை, சிறுநீர் வாடையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவத்தால் கழுவுங்கள். நம் வீடுகளில் முதலில் கைக்கு வரும் பினாயில் பூனைக்கு நஞ்சு.