கைக்கோடரி, கத்தி, உறை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய வேட்டைக் கருவிகளைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அண்மையில், கைக்கோடரியும் கத்தியும் ஒரே தோலுறைக்குள் அமைந்த ஓர் இணையை வாங்கினேன். கத்தியின் அலகில், பிடியை ஒட்டி, ‘வெஸ்டர்ன், போல்டர், கொலராடோ’ என்ற முத்திரை இருக்கிறது. கோடரியில் எந்த எழுத்தும் தென்படவில்லை. இரண்டின் பிடிகளும் தோல் வில்லைகளை அடுக்கிச் செய்தவை. இவை தொடக்கத்திலேயே இணையாக விற்கப்பட்டவையா, பிற்காலத்தில் யாரோ சேர்த்து வைத்தவையா என்பதை எப்படி அறிவது? காலத்தை எப்படிக் கணிப்பது? கோடரி கறுத்துப் போயிருக்கிறது. பஃப் அடித்துப் பளபளப்பாக்கினால் மதிப்புக் கூடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதில் அவசரப்பட்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்காமலே போய்விடும். தயவுசெய்து பஃப் அடிக்காதீர்கள். சுழலும் சக்கரம் கறையை மட்டும் எடுப்பதில்லை. முத்திரை எழுத்துகளின் விளிம்பைக் கரைக்கிறது, தொழிற்சாலையில் அலகைத் தேய்த்தபோது விழுந்த கோடுகளை அழிக்கிறது, தோலுறை பல ஆண்டுகளாக எஃகின்மேல் பதித்த தடத்தையும் கொண்டுபோய்விடுகிறது. உங்கள் இணை உண்மையானதுதானா என்பதைச் சொல்லக்கூடியவை அந்தத் தடங்களே. கறுப்பு நிறம் பெரும்பாலும் நிலைத்துவிட்ட மேற்பூச்சுதான். அது இரும்பை அரிப்பதில்லை. அரிப்பது செந்துரு. அது இருக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய எண்ணெய் தொட்டு, மிக நுண்ணிய எஃகு நாரால் இலேசாகத் துடைத்தெடுங்கள்; முத்திரையின் பக்கம் போகவே வேண்டாம்.

இனி இணையைப் பற்றி. புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் முத்திரையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் உறையை முதலில் பார்க்கிறேன். கத்தியில் ஒரு பெயரும் கோடரியில் அதே பெயரும் இருந்தால்கூட, அவை ஒரே நிறுவனத்தில் பிறந்தவை என்பதுதான் உறுதியாகும். ஒரே பெட்டியில் விற்கப்பட்டவை என்பது உறுதியாகாது. இரண்டையும் ஒன்றாகத் தாங்கும்படி வெட்டித் தைக்கப்பட்ட உறை ஒன்றுதான் அதைச் சொல்ல முடியும். இத்தகைய இணைகளில் பெரும்பாலும் கோடரித் தலைக்கான உறையின் மேலேயே கத்திக்கான உறை தைக்கப்பட்டிருக்கும். ஆகவே இரண்டு உறைகளும் ஒரே தோலா, தையல் நூலும் தையலின் இடைவெளியும் ஒன்றா, ரிவெட்டுகளும் அழுத்துப் பொத்தான்களும் ஒரே வகையா என்று பாருங்கள். பிற்காலத்தில் ஒட்டிச் சேர்த்த உறையில், பழைய ஊசித் துளைகள் நூலில்லாமல் வெறுமனே நிற்பதைக் காணலாம்.

பிறகு கோடரியை வெளியே எடுத்து, உறையின் உட்புறத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடரியின் வாய் நெடுங்காலம் அழுந்திய இடத்தில் தோலில் வளைந்த ஒரு கருங்கோடு விழுந்திருக்கும். உங்கள் கோடரியின் வாய் அந்த வளைவில் சரியாக உட்கார வேண்டும். கோடு ஒரு வளைவிலும் கோடரி வேறொரு வளைவிலும் இருந்தால், அந்த உறையில் முன்பு வேறு கோடரி இருந்திருக்கிறது. அலகிலும் இதே சோதனையைச் செய்யலாம்: ரிவெட் தொட்ட இடத்தில் எஃகில் வட்டமான கறை இருக்கும், பித்தளையும் தோலின் கொழுப்பும் சேர்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு கட்டியிருக்கும். உறையிலுள்ள ரிவெட்டும் அலகிலுள்ள கறையும் ஒன்றுக்கொன்று நேராக அமைந்தால், அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சில ஆண்டுகள் சேர்த்து வைத்திருந்தாலும் சிறிது கறை விழும் என்பது உண்மைதான். ஆனால் ஆழ்ந்த தடத்தையும் புதுத் தடத்தையும் பழகிய கண் பிரித்தறியும்.

பிடிகளையும் ஒப்பிடுங்கள். தோல் வில்லைகளின் இரு முனைகளிலும் சிவப்பு, கறுப்பு நார்த்தகடுகளோ பித்தளைத் தகடுகளோ செருகுவது வழக்கம். அவற்றின் நிறம், தடிமன், வரிசை மூன்றும் கத்தியிலும் கோடரியிலும் ஒத்திருந்தால் நம்பிக்கை கூடும். உங்கள் கோடரியில் பெயர் இல்லாதது மட்டும் என்னைக் கவலைப்படுத்தவில்லை. கத்தித் தொழிலில் ஒரு நிறுவனம் செய்து கொடுக்க, இன்னொரு நிறுவனம் தன் பெயரில் விற்பது சாதாரணம். மேலும், முத்திரை கோடரியின் மறுபக்கத்தில் கறைக்கடியில் மறைந்திருக்கலாம். விளக்கைப் பக்கவாட்டில் மிகத் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள்; நேர்வெளிச்சத்தில் தெரியாத எழுத்து அப்போது நிழலாக எழும்.

காலக்கணிப்புக்கு வருகிறேன். உங்கள் கத்தியைச் செய்த வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் கட்லரி நிறுவனம் 1911ஆம் ஆண்டில் போல்டரிலேயே தொடங்கப்பட்டது. பிடிக்குள் நுழையும் அலகின் வால்பகுதியை இரண்டாகப் பிளந்து அமைக்கும் அதன் முறைக்கு 1934ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. 1977ஆம் ஆண்டு முதல் மாதிரி எண்ணுக்குப் பின்னால் ஆண்டைக் குறிக்கும் ஆங்கில எழுத்தை, முதல் எழுத்திலிருந்து தொடங்கி, வரிசையாகப் பொறித்தார்கள். உங்கள் கத்தியில் பழைய பெயரிலிருந்த ‘ஸ்டேட்ஸ்’ என்ற சொல்லும் இல்லை, ஆண்டெழுத்தைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. அந்த எழுத்து உண்மையிலேயே இல்லையென்றால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளுக்குள் அதை வைக்கவே நான் விரும்புவேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கருவியில் காணும் காப்புரிமை ஆண்டைச் செய்த ஆண்டாக எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். மிச்சிகனின் கிளாட்ஸ்டோன் நகரில் இயங்கிய மார்பிள்ஸ் நிறுவனத்தின் ‘வுட்கிராஃப்ட்’ கத்தியில் 1916 என்ற ஆண்டு பல பத்தாண்டுகள் தொடர்ந்து பொறிக்கப்பட்டது. காப்புரிமை ஆண்டு கீழெல்லையை மட்டுமே தரும். எண் மட்டும் இருந்தாலும் அது பயன்படும்: அமெரிக்கக் காப்புரிமைகளில் 10 லட்சமாவது 1911ஆம் ஆண்டிலும், 20 லட்சமாவது 1935ஆம் ஆண்டிலும், 30 லட்சமாவது 1961ஆம் ஆண்டிலும் வழங்கப்பட்டன. அட்டைப்பெட்டி கிடைத்திருந்தால் முகவரியைப் பாருங்கள். ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு 1963ஆம் ஆண்டில்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனியின் ஜோலிங்கன் நகரத்து இணைகளில் ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால், அது 1949க்கு முன்போ 1990க்குப் பின்போ செய்யப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

மார்பிள்ஸ் பெயரைச் சொன்னதும் என்னால் கடந்துபோக முடியவில்லை. வெப்ஸ்டர் மார்பிள் 1898ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற பாதுகாப்புக் கைக்கோடரியில் தனி உறையே தேவைப்படவில்லை. வாயை மூடும் காப்புத் தகடு கீலில் திரும்பிப் பிடிக்குள்ளேயே மடங்கி அமரும். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இருந்த கேஸ் நிறுவனம் வேறு வழியில் சென்று, ஒரே பிடியில் கோடரித் தலையையும் கத்தி அலகையும் மாற்றி மாற்றிப் பொருத்தும் இணையைச் செய்தது. அத்தகைய இணையில் பாகம் ஒன்று குறைந்தாலும் முழுமை போய்விடும் என்பதால், வாங்கும் முன்பு இரண்டு அலகுகளையும் பிடியில் பூட்டிப் பார்த்தே ஆக வேண்டும். ஆட்டம் இருக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த இணையை உறைக்குள் வைத்துச் சேமிக்காதீர்கள். பதனிட்ட தோலில் தங்கும் அமிலமும் உப்பும் ஈரத்தை இழுத்து எஃகைத் தின்னும். என் முதல் இணையை ஆறு மாதம் உறையோடு பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, கோடரியின் ஒரு பக்கம் முழுவதும் குழிகுழியாக அரித்திருந்ததைக் கண்ட நாளை நான் இன்றும் வருத்தத்துடனே நினைக்கிறேன். அலகுகளில் எண்ணெய் தடவி வெளியிலும், உறையை அதன் வடிவம் கெடாமல் அருகிலும் வையுங்கள். செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் பிடி கொண்ட கத்தி எதையும் அவற்றோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம்; செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் அமில ஆவி பக்கத்திலுள்ள நல்ல எஃகையும் துருவேற்றிவிடும். காய்ந்து சுருங்கிய தோல் வில்லைகள் சற்றே ஆடினால், ஒட்டும் பசையை உள்ளே விடாதீர்கள். பிடிக்கு மெழுகு மிக மெல்லிய பூச்சாகப் போதும். எண்ணெயில் ஊறவைத்தால் தோல் கறுத்து மென்மையாகிவிடும்.

இப்போதைக்கு, உறையின் உட்புறம், கோடரியின் இரு பக்கங்கள், இரண்டு பிடிகளின் முனைகள் ஆகியவற்றைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். கோடரியை உறைக்குள் பாதி இறக்கிய நிலையிலும் ஒரு படம் வேண்டும். அந்தக் கருங்கோட்டின்மீது வாய் எப்படி அமர்கிறது என்பதை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்