ஜாவா 8-லிருந்து எங்கே மாறுவது? உரிமத்தையும் பதிப்பையும் தனித்தனியே தீர்த்துக்கொள்ளுங்கள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 120 பேர் வேலை செய்கிறோம். பில்லிங், கிடங்குக் கணக்கு இரண்டும் ஜாவா 8-லும் ஸ்பிரிங் பூட் 2 என்ற ஜாவா செயலிச் சட்டகத்திலும் ஓடுகின்றன. சில அறிக்கைகள் தமிழில் அச்சாகின்றன. "ஜாவாவுக்கு இனிப் பணம் கட்ட வேண்டுமாம், உடனே புதிய பதிப்புக்கு மாறுங்கள்" என்று நிர்வாகம் சொல்கிறது. 17, 21, 25 என்று மூன்று பதிப்புகளைப் பற்றியும் பேசுகிறார்கள். எதற்கு மாறுவது, எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் நிர்வாகம் இரண்டு வேலைகளை ஒன்றாகக் கட்டிவிட்டது. உரிமப் பிரச்சினையைச் சில நாட்களில், நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடாமல் முடித்துவிடலாம். பதிப்பு மாற்றம் மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை. உரிமத்துக்குப் பயந்து பதிப்பு மாற்றத்தை அவசரமாகச் செய்தால், பில்லிங் நின்றுபோகும் ஆபத்தை நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள். ஆகவே முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

உரிமத்தைப் பார்ப்போம். ஜாவாவின் மூலநிரல் ஓபன்ஜேடிகே என்ற திறந்தமூலத் திட்டத்தில் இருக்கிறது; அது இலவசம், வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம். அந்த மூலநிரலிலிருந்து பல நிறுவனங்கள் தத்தமது தொகுப்புகளை உருவாக்கி வெளியிடுகின்றன. ஆரக்கிள் நிறுவனத்தின் ஜேடிகே (ஜாவா உருவாக்கத் தொகுப்பு) அவற்றில் ஒன்று, கட்டணப் பேச்சு அந்த ஒன்றுக்கு மட்டுமே உரியது. ஜாவா 8-க்கு வணிகப் பயனாளர்கள் இலவசமாகப் பெற்றுவந்த ஆரக்கிள் புதுப்பிப்புகள் 2019 ஜனவரியோடு நின்றன. அந்த ஏப்ரல் முதல் வந்த புதுப்பிப்புகள் வேறு உரிமத்தின்கீழ் வந்தன. 2021-இல் ஜாவா 17-உடன் ஆரக்கிள் மீண்டும் ஓர் இலவச உரிமத்தைக் கொண்டுவந்தது என்றாலும், அது காலவரம்பு உடையது. 17-க்கான இலவசக் காலம் 2024 செப்டம்பரில் முடிந்துவிட்டது. 21-க்கு 2026 செப்டம்பர் வரையும் 25-க்கு 2028 செப்டம்பர் வரையும் இருக்கிறது. இந்தத் தேதிகளைத் தாண்டி வரும் புதுப்பிப்புகளை உற்பத்திச் சூழலில் (அன்றாட வேலை நடக்கும் கணினிகளில்) பயன்படுத்தினால் சந்தா தேவைப்படும்.

அந்தச் சந்தாவின் கணக்குதான் உங்கள் நிர்வாகத்தைக் கலங்க வைத்திருக்கும். 2023 ஜனவரியில் ஆரக்கிள் அறிமுகப்படுத்திய முறையில், ஜாவா ஓடும் கணினிகளை எண்ணுவதில்லை. நிறுவனத்தின் மொத்த ஊழியர்களை எண்ணுகிறார்கள். பகுதிநேரப் பணியாளரும், உங்கள் உள்வேலைகளைச் செய்துதரும் ஒப்பந்தக்காரரின் ஆட்களும் அதில் அடங்குவர். ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்ட விலை ஒருவருக்கு மாதம் 15 டாலர். 120 பேருக்கு ஆண்டுக்கு 21,600 டாலர். ஒரேயொரு சர்வரில் மட்டும் ஆரக்கிள் ஜாவா ஓடினாலும் இதே கணக்குதான்.

இதற்கான தீர்வு, அதே ஜாவா 8-இன் இன்னொரு தொகுப்புக்கு மாறுவது. எக்லிப்ஸ் அறக்கட்டளையின்கீழ் வரும் டெமுரின், அமேசானின் கொரெட்டோ, அசூலின் ஜூலு ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன, தொடர்ந்து பாதுகாப்புத் திருத்தங்களையும் பெறுகின்றன. உங்களிடம் இருப்பது எது என்று அறிய ஒவ்வொரு கணினியிலும் java -version என்ற கட்டளையைக் கொடுத்து ஜாவாவின் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். பதிலின் இரண்டாம் வரி "ஓபன்ஜேடிகே" என்று தொடங்காமல் "ஜாவா எஸ்இ ரன்டைம்" என்று தொடங்கினால் அது ஆரக்கிளுடையது. சர்வர்களோடு நின்றுவிடாமல் நிரலாளர்களின் மடிக்கணினி, நிரலைத் தானாகக் கட்டித்தரும் ஜென்கின்ஸ் இயந்திரம், பழைய டாக்கர் இமேஜ்கள் (செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துப் பொதிந்த கோப்புகள்) எல்லாவற்றையும் பாருங்கள். மறந்துபோன பிரதிகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

தொகுப்பை மாற்றும்போது இரண்டு இடங்களில் இடறக்கூடும். பழைய ஜாவாவின் சான்றிதழ்க் கிடங்கில் வங்கி அல்லது ஜிஎஸ்டி இணைப்புக்காக யாரேனும் கையால் சான்றிதழ் சேர்த்திருந்தால், புதிய தொகுப்பில் அது இருக்காது. திரும்பச் சேர்க்க வேண்டும். ஆரக்கிள் ஜாவா 8 தன்னோடு சில எழுத்துருக்களைக் கொண்டுவந்தது, மற்றவை கொண்டுவருவதில்லை. ஆகவே எழுத்துருவே நிறுவாத லினக்ஸ் சர்வரில் பிடிஎஃப் அறிக்கை உருவாக்கம் தோல்வியடையலாம். எழுத்துருக்களையும் ஃபான்ட்கான்ஃபிக் தொகுப்பையும் நிறுவினால் சரியாகிவிடும். ஜாவாஎஃப்எக்ஸ் அல்லது வெப் ஸ்டார்ட்டைப் பயன்படுத்தும் பழைய மேசைக்கணினிச் செயலி இருந்தால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

இது முடிந்தால் உரிமத்தின் நெருக்கடி தீர்ந்தது. இனிப் பதிப்பை நிதானமாக யோசிக்கலாம்.

2017-இல் மார்க் ரைன்ஹோல்ட் முன்வைத்த திட்டத்தின்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய ஜாவா வருகிறது. ஜாவா பதிப்புகளுள் சிலவற்றை நிறுவனங்கள் நீண்டகால ஆதரவுப் பதிப்பாக எடுத்துப் பல ஆண்டுகள் திருத்தங்கள் தருகின்றன: 8, 11, 17, 21, பின்பு 2025 செப்டம்பரில் வந்த 25. உற்பத்திச் சூழலுக்கு இவற்றுள் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். உங்களுக்கு என் பரிந்துரை: 25-ஐ இலக்காக வையுங்கள், ஆனால் 17-இல் ஒரு முறை நின்று செல்லுங்கள். 21-ஐ இலக்காக்க நான் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 21-இல் நிலைபெற்ற மெய்நிகர் இழைகள் (ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கவனிக்க உதவும் இலகுவான வேலைத்தொடர்கள்), சிங்க்ரனைஸ்டு பகுதிக்குள் (ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே நுழையக்கூடிய நிரல்பகுதி) காத்திருக்கும்போது அடியிலுள்ள இயங்குதள இழையையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். பழைய நூலகங்களில் சிங்க்ரனைஸ்டு எங்கும் பரவிக் கிடப்பதால், நெரிசல் நேரத்தில் செயலி உறைந்து நிற்க அது வழிவகுத்தது. இந்தக் குறை 24-இல் பெருமளவு நீக்கப்பட்டு 25-க்கு வந்திருக்கிறது. இத்தனை உழைப்பைப் போட்டு மாறுகிறவர் அந்தத் திருத்தம் இல்லாத பதிப்பில் போய் நிற்பானேன்? உங்கள் தரவுத்தள டிரைவரோ வேறு முக்கிய நூலகமோ 25-ஐ இன்னும் ஆதரிக்கவில்லை என்றால் மட்டும் 21-இல் இருங்கள்.

17-இல் ஏன் நிற்க வேண்டும் என்றால், ஸ்பிரிங் பூட் 2.7 ஜாவா 8-லும் ஓடும், 17-லும் ஓடும். ஆகவே முதலில் ஜாவா 8-இலேயே 2.7-க்கு வந்துவிட்டு, நூலகங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஜாவாவை மட்டும் மாற்றிப் பார்க்க முடிகிறது. ஏதேனும் உடைந்தால் அதற்குக் காரணம் ஜாவாதான் என்று உறுதியாகத் தெரியும். உடையக்கூடியவை பெரும்பாலும் தெரிந்தவையே. எக்ஸ்எம்எல் வேலைக்கான ஜாக்ஸ்பி 11-இல் ஜேடிகேயிலிருந்து நீக்கப்பட்டது. அதைத் தனி நூலகமாகச் சேர்க்க வேண்டும். நாஷார்ன் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி 15-இல் போய்விட்டது. தொடக்க ஸ்கிரிப்டில் பழைய குப்பை சேகரிப்பு (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் வேலை) விருப்பங்களோ பெர்ம்ஜென் என்ற பழைய நினைவகப் பகுதியின் அளவோ எழுதியிருந்தால், 17 அவற்றை அறியாமல் தொடங்கவே மறுத்துவிடும். பலர் இதைப் பெரிய கோளாறு என்று நினைத்துப் பின்வாங்குகிறார்கள், உண்மையில் அந்த வரிகளை நீக்கினால் போதும். ஜேடிகேயின் உள்வகுப்புகளைப் பிரதிபலிப்பு முறையில் (ஓடும்போதே வகுப்பின் உள்ளே நுழைந்து) தொடும் நூலகங்களையும் 17 தடுக்கிறது. தற்காலிகமாக வழிதிறந்துவிடும் விருப்பம் இருக்கிறது என்றாலும், நூலகத்தைப் புதுப்பிப்பதே சரியான வழி. ஜேடிகேயோடு வரும் ஜேடெப்ஸ் என்ற கருவி எந்தெந்த ஜார் கோப்பு உள்வகுப்புகளை நேரடியாகத் தொடுகிறது என்று முன்கூட்டியே காட்டிவிடும்; பிரதிபலிப்பு முறையில் தொடுவதை அது காட்டாது.

அடுத்த படியான ஸ்பிரிங் பூட் 3-க்கு மாறுவதுதான் இந்தப் பயணத்தின் கடினமான பகுதி. அந்தக் கடினம் ஜாவா மொழியால் வருவதன்று. 2017-இல் ஆரக்கிள், நிறுவனச் செயலிகளுக்கான ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோது ஜாவா என்ற வணிகப்பெயரின் உரிமை கைமாறவில்லை. அதன் விளைவாக 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ (ஜாவா இஇ-யின் புதிய பெயர்) 9-இல், ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பொதிப்பெயர்கள் (நிரல்தொகுதிகளின் பெயர்கள்) ஜகார்த்தா என்று மாறின. ஸ்பிரிங் பூட் 3 அந்தப் பெயர்களையே எதிர்பார்க்கிறது, ஜாவா 17-க்குக் கீழே ஓடுவதும் இல்லை. 2.7-க்கான இலவச ஆதரவு 2023 நவம்பரிலேயே முடிந்துவிட்டதால் அங்கேயே தங்கவும் முடியாது. 2025 நவம்பரில் ஸ்பிரிங் பூட் 4-உம் வந்துவிட்டது. ஆனாலும் 3-ஐ அடைந்து நிலைபெற்ற பிறகே 4-க்குப் போங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு, ஜாவாஎக்ஸ் என்று வரும் எல்லா இடத்தையும் ஒரே வீச்சில் மாற்றிவிடுவது. தரவுத்தள இணைப்புக்கான எஸ்கியூஎல் பொதி, மறைக்குறியீட்டுக்கான கிரிப்டோ பொதி, ஸ்விங் ஆகியவை ஜேடிகேக்குச் சொந்தமானவை. அவை பழைய பெயரிலேயே இருக்கின்றன. சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ், வேலிடேஷன் போன்றவையே மாறுகின்றன. ஓபன்ரீரைட் என்ற திறந்தமூலக் கருவி இந்த வேறுபாட்டை அறிந்து மாற்றித்தரும். இணையச் செயலியை ஓட்டும் டாம்கேட் சர்வரைத் தனியே வைத்திருந்தால் 9-இலிருந்து 10.1-க்குப் போக வேண்டியிருக்கும். பில்லிங் என்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: ஸ்பிரிங் பூட் 3-உடன் வரும் ஹைபர்னேட் 6 என்ற தரவுத்தள நூலகம், வரிசை எண்களுக்கான சீக்குவென்ஸின் இயல்புப் பெயரை மாற்றிவிட்டது. முன்பு எல்லா அட்டவணைகளும் பகிர்ந்த ஒரே சீக்குவென்ஸுக்குப் பதிலாக, இப்போது ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரைத் தேடும். புதிதாக உருவாக்கிய சீக்குவென்ஸ் 1-இலிருந்து தொடங்கினால் பழைய எண்களோடு மோதும். சீக்குவென்ஸின் பெயரை நிரலிலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

தமிழ் அறிக்கைகளுக்கு வருவோம். 18-ஆம் பதிப்பு வரும்வரை, எழுத்துக் குறியீட்டை (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையை) சொல்லாமல் கோப்பைத் திறந்தால் ஜாவா இயங்குதளத்தின் குறியீட்டை எடுத்துக்கொள்ளும். மொழி அமைப்புச் செய்யாத லினக்ஸ் சர்வரிலும் விண்டோஸிலும் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறியதற்கு இதுவே காரணம். 18 முதல் இயல்புக் குறியீடு எங்கும், எல்லா மொழிகளையும் தாங்கும் யுடிஎஃப்-8. நமக்கு இது பெரும் நன்மை. ஆனால் மாறும் தருணத்தில் ஓர் இடர் உண்டு. விண்டோஸில் பழைய குறியீட்டில் எழுதிவைத்த கோப்புகளையும், திஸ்கி, டாம், டாப் போன்ற எட்டு பிட் குறியீடுகளில் இருக்கும் பழைய தரவுகளையும் யுடிஎஃப்-8 என்று எண்ணிப் படித்தால் எழுத்துகள் சிதைந்துவிடும். சிதைந்ததைத் திரும்பச் சேமித்துவிட்டால் மூலத்தை மீட்கவே முடியாது. 17-இல் நிற்கும்போதே, கோப்பைப் படிக்கும், எழுதும் ஒவ்வோர் இடத்திலும் குறியீட்டை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அதை முடிக்க இயலாவிட்டால், கோப்புக் குறியீட்டு அமைப்புக்கு "காம்பாட்" என்ற மதிப்பைக் கொடுத்துப் பழைய நடத்தையோடு 25-ஐ ஓட்டலாம். அதை நிரந்தரமாக்கிவிடாதீர்கள்.

25-க்கு வந்த பிறகு, மெய்நிகர் இழைகளை அன்றே இயக்கிவிட வேண்டாம். அவை இழைகளின் தட்டுப்பாட்டைத்தான் நீக்கும். தரவுத்தள இணைப்புகள் இருபதே என்றால் இருபத்தோராவது கோரிக்கை அங்கே காத்துத்தான் ஆக வேண்டும். ஜாவா நினைவகத்தில் வைக்கும் ஒவ்வொரு தரவுப்பொருளின் தலைப்பகுதியையும் 12 பைட்டிலிருந்து 8 பைட்டாகக் குறைக்கும் வசதியும் 25-இல் இருக்கிறது. அது இயல்பாக அணைந்திருக்கும். நினைவகம் நெருக்கடியாக இருந்தால் பின்னர் சோதித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு படியிலும், மாத இறுதிக் கணக்கைப் பழைய ஜாவாவிலும் புதியதிலும் ஒரே தரவை வைத்து ஓட்டி, வெளிவரும் கோப்புகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 9 முதல் தேதி, நேர வடிவங்கள் சிஎல்டிஆர் என்ற பொதுத் தரவிலிருந்து வருவதால் வேறுபாடுகள் தோன்றும். குறிப்பாக 20 முதல், ஆங்கில நேரத்தில் ஏஎம், பிஎம் என்பவற்றுக்கு முன்னுள்ள வெற்றிடம் சாதாரண வெற்றிடம் அன்று. திரையில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் அந்தக் கோப்பை வாங்கிப் படிக்கும் வங்கியின் மென்பொருள் நிராகரித்துவிடும். வெளி நிறுவனங்களுக்கு அனுப்பும் கோப்புகளில் நேரத்தை 24 மணி வடிவத்தில், வடிவத்தை நிரலிலேயே எழுதி அனுப்புங்கள்.